கப்பலேறின முதல் நாள்

வேதபகுதி: யோனா 1:1-6, அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம்

 

இந்த மாதம் உல்லாசக் கப்பலைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். "என்ன பாஸ்டர், உபவாச ஜெபத்தைப் பத்தி எழுதுவீங்கன்னு பார்த்தா, உல்லாசக் கப்பலைப் பத்தி எழுதுறீங்களே!" என்று ஆச்சரியப்பட வேண்டாம். வேதத்தைத் திறந்தால் நோவாவின் பேழை, யோனா ஏறின கப்பல், பேதுருவின் படகு, பவுல் போன கப்பல் என்று எத்தனை கப்பல்கள்! தேவன் கப்பலைக் கொண்டும் தம் ஜனங்களுக்குப் பாடம் கற்பித்திருக்கிறார்.

முன்பெல்லாம் இது வெள்ளைக்காரர்களின் காரியம் என்று விட்டுவிடுவோம். இப்போது அப்படி இல்லை. 2022 ஜூன் மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டது. வெளிநாட்டில் வேலை செய்கிற பிள்ளைகள், "அப்பா, அம்மா, வாங்க, ஒரு தடவை கப்பல்ல கூட்டிக்கிட்டுப் போறோம்" என்று கூப்பிடுகிறார்கள். "அதுல போறது பாவமா பாஸ்டர்?" என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அனுபவிக்கிறதற்குச் சகலத்தையும் தாராளமாய்க் கொடுக்கிறவர் நம் தேவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். கடலைப் பார்த்துக் கர்த்தரைத் துதிக்கலாம். அந்தக் கப்பலுக்குள்ளேயே சூதாட்டக் கூடமும் மதுக்கடையும் இருக்கும். அந்தப் பக்கம் கால் போகாமல் உன்னைக் காத்துக்கொள். இவ்வளவுதான் நான் சொல்லுவேன். ஆனால் இன்றைய செய்தி அதுவல்ல. அந்தக் கப்பலில் ஏறின முதல் நாளிலே நடக்கிற ஒரு காரியம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மிதக்கிற பட்டணம்

அந்தக் கப்பல்கள் எவ்வளவு பெரியவை தெரியுமா? 2024 ஜனவரியில் அமெரிக்காவிலுள்ள மியாமி துறைமுகத்திலிருந்து 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் தன் முதல் பயணத்தைப் புறப்பட்டது. நீளம் 365 மீட்டர். இருபது மாடி. 7,600 பயணிகள் வரைக்கும் ஏறலாம். அவர்களுக்கு வேலை செய்ய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். நம் பக்கத்தில் ஒரு பெரிய கிராமத்தின் ஜனங்களையெல்லாம் ஏற்றினாலும் அதிலே இடம் மீதி இருக்கும்!

இன்னும் சில கப்பல்கள் ஜனவரி மாதம் புறப்பட்டு உலகத்தையே சுற்றி வருகின்றன. நூறு நாளுக்கும் மேலான பயணம். வேலையில் ஓய்வு பெற்றவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தைப் போட்டு அதில் ஏறுகிறார்கள்.

அந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் நீண்ட வரிசை. பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கையில் ஒரு அட்டை கொடுக்கிறார்கள். அறைக்கு அதுதான் சாவி, செலவுக்கு அதுதான் பணம், கப்பலை விட்டு இறங்கவும் ஏறவும் அதுதான் சீட்டு. உள்ளே கால் வைத்தால் கண்ணாடி லிப்ட், சங்கீதம், பளிங்குப் படிக்கட்டு. மேல் தளத்தில் நீச்சல் குளம். பஃபே கூடத்தில் வகை வகையான சாப்பாடு. தட்டைக் கையில் எடுத்தவனுக்கு எதை விடுவது என்று தெரியவில்லை! "இனி நூறு நாள் கவலையே இல்லை" என்று மனுஷன் தன் ஆத்துமாவோடே சொல்லிக்கொள்ளுகிறான். இப்படித் தன் ஆத்துமாவோடே பேசின ஒரு ஐசுவரியவானைக் குறித்து லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே. அவனுக்கு அன்று இராத்திரியே கணக்கு முடிந்துபோயிற்று!

பிரியமானவர்களே, இந்த முதல் நாளிலிருந்து மூன்று பாடங்களை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

1. கூலி கொடுத்தால் மட்டும் போதாது

வேதத்தில் கூலி கொடுத்துக் கப்பல் ஏறினான் என்று சொல்லப்பட்ட பயணி யார்? யோனா! நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொன்னார். அவனோ யோப்பாவுக்குப் போனான். தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது. கையில் பணமும் இருந்தது. எல்லாம் கூடி வந்தது! சிலர் சொல்லுவார்களே, "பாஸ்டர், எல்லாக் கதவும் திறந்திருக்கு, அப்போ இது தேவ சித்தம்தான்" என்று. யோனாவுக்கும் அப்படித்தான் கதவு திறந்திருந்தது. திறந்த கதவெல்லாம் தேவன் திறந்த கதவு அல்ல.

அவன் என்ன செய்தான்? கப்பலின் கீழ்த்தட்டில் இறங்கி, படுத்து, அயர்ந்து தூங்கிவிட்டான். அவனுடைய முதல் நாள் இப்படிப் போயிற்று. புயல் அடிக்கிறது. மாலுமிகள் பயந்து அவனவன் தன் தன் தேவனை நோக்கிக் கூப்பிடுகிறான். தேவனை அறிந்த ஒரே மனுஷன் தூங்குகிறான்! கடைசியில் அஞ்ஞானியாகிய மாலுமித் தலைவன் வந்து, தேவ மனுஷனை எழுப்பி, ஜெபம் பண்ணச் சொல்ல வேண்டியதாயிற்று. எவ்வளவு வெட்கம்!

அருமையான விசுவாசியே, நீ சபைக்கு வருகிறாய், காணிக்கை போடுகிறாய், தசமபாகம் கொடுக்கிறாய். நல்லது. ஆனால் கூலி கொடுத்துவிட்டுக் கீழ்த்தட்டில் தூங்குகிறாயா? உன்னோடு வேலை செய்கிறவர்கள் கஷ்டத்தில் கதறுகிறபோது, நீ அவர்களுக்காக ஜெபிக்க விழித்திருக்கிறாயா?

2. பெட்டி பின்னால் வரும்

கப்பல் ஏறுகிற இடத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பெரிய பெட்டிகளை நாம் தூக்கிக்கொண்டு போவதில்லை. கரையிலேயே போர்ட்டர்களிடத்தில் கொடுத்துவிட வேண்டும். அறை எண் எழுதின சீட்டு ஒன்றைப் பெட்டியில் கட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளைப் பரிசோதித்து ஒவ்வொரு அறை வாசலிலும் கொண்டுவந்து வைப்பதற்குச் சாயங்காலம் ஆகிவிடும், சில வேளை இரவும் ஆகிவிடும். அதனால் பழக்கப்பட்டவர்கள் முதல் நாளுக்குத் தேவையானதைக் கைப்பையில் வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட், மருந்து மாத்திரை, ஒரு மாற்றுத்துணி. பட்டும் நகையும் பெட்டியில் இருக்கட்டும். இல்லாமல் முடியாது என்கிறது கையில் இருக்கட்டும்.

அவசரம் வந்தால் என்ன சட்டம் தெரியுமா? பெட்டிக்காகத் திரும்பிப் போகக் கூடாது! இதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

2012-ல் இத்தாலி தேசத்துக் கடலில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் விபத்துக்குள்ளானதே. அதில் வயலின் வாசிக்கிற ஒரு கலைஞர் இருந்தார். அழுதுகொண்டிருந்த சிறு பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட அவர் உதவி செய்தார் என்றும், பிறகு தன் வயலினை எடுக்க அறைக்குத் திரும்பினார் என்றும் உடன் வேலை செய்தவர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அவர் உயிரோடே கரை சேரவில்லை. அந்த நல்ல மனுஷனை நான் நியாயந்தீர்க்கவில்லை. அவர் செய்த உதவியைத் தேவன் அறிவார். ஆனாலும் இந்தச் செய்தி என் இருதயத்தைக் குத்துகிறது. மற்றவர்களுக்கு மாட்டிவிட்ட பின்பும், நம்முடைய கையை எதுவோ பின்னாலே இழுக்கக் கூடும். லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளும்படி ஆண்டவர் நமக்குச் சொல்லவில்லையா? மற்றவர்களுக்குப் பிரசங்கித்த தானே ஆகாதவனாய்ப் போய்விடக் கூடாதென்று பவுலே பயந்தாரே! ஊழியம் செய்கிற நாமும், ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்களும், பாடகர் குழுவிலிருக்கிறவர்களும் நடுங்க வேண்டிய இடம் இது. உன்னுடைய வயலின் எது? வீடா? நிலத் தகராறா? பெயரா? பழைய கோபமா?

3. ஏழு சிறிய ஒலி, ஒரு நீண்ட ஒலி

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறேன்.

முதல் நாள், கப்பல் புறப்படுவதற்கு முன்னே, எல்லாரும் கேட்கும்படி அபாய ஒலி எழும்பும். ஏழு தடவை குறுகிய ஒலி. எட்டாவது ஒரு நீண்ட ஒலி. உலகம் முழுவதும் பயணிக் கப்பல்களில் இதே அடையாளம்தான். அந்தச் சத்தம் கேட்டால் ஒவ்வொரு பயணியும் தனக்குக் குறிக்கப்பட்ட கூடுமிடத்துக்குப் போக வேண்டும். மஸ்டர் ஸ்டேஷன் என்று அதற்குப் பெயர். அந்த இடத்தின் அடையாள எழுத்து கையிலுள்ள அட்டையிலும் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போடுவது, எந்தப் படகில் ஏறுவது என்று காட்டுவார்கள். இப்போது அநேக கப்பல்களில் செல்போனிலேயே படத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கூடுமிடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்ட வேண்டும். வந்தவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். வராதவனை விடமாட்டார்கள், தேடிக் கூப்பிடுவார்கள்!

எரிகோவைச் சுற்றின நாளில் ஏழு ஆசாரியர்கள் ஏழு எக்காளங்களைப் பிடித்துப் போனார்கள். முடிவில் நெடுந்தொனி ஒன்று எழும்பியது. கப்பல் சட்டம் எழுதினவர்கள் யோசுவாவின் புஸ்தகத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வேதத்தை வாசிக்கிறவனுக்கு அந்த ஏழும் ஒன்றும் காதில் விழும்போது, கடைசி எக்காளம் ஞாபகம் வராமல் போகுமா?

இந்த ஒலியைக் கேட்கிற ஜனங்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முணுமுணுக்கிறார்கள்! "இப்பத்தானே சாப்பிட உட்கார்ந்தோம்." "நூறு நாள் இருக்கே, நாளைக்குப் பார்த்துக்கக் கூடாதா?" பயணம் எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு மனுஷன் தள்ளிப்போடுகிறான்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை, பிரியமானவர்களே. உயிர்களை விலையாகக் கொடுத்து வந்தது.

1912 ஏப்ரல் 10-ஆம் தேதி டைட்டானிக் கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்டது. இரண்டாயிரத்து இருநூறுக்கும் அதிகமான பேர். இருந்த படகுகள் 20. அவற்றில் 1,178 பேருக்குத்தான் இடம். எந்தப் பயணிக்கும் இன்ன படகு உன்னுடையது என்று சொல்லப்படவில்லை. ஏப்ரல் 14 இரவு 11:40 மணிக்குப் பனிப்பாறையில் மோதியது. முதலாவது இறக்கப்பட்ட படகில் 65 பேர் ஏறலாம். ஏறினவர்கள் முப்பது பேர்கூட இல்லை! ஏன்? கப்பலில் வெளிச்சம் இருந்தது, அனல் இருந்தது, சங்கீதம் இருந்தது. படகோ இருட்டிலே குளிரிலே தொங்கியது. "இவ்வளவு பெரிய கப்பல் முழுகுமா?" என்று நின்றுவிட்டார்கள். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் கப்பல் முழுகிப்போயிற்று. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டார்கள். இடம் இல்லாமல் மாண்டவர்கள் அநேகர். இடம் இருந்தும் ஏறாமல் மாண்டவர்களும் உண்டு! அதன் பிறகுதான் 1914-ல் லண்டனில் தேசங்கள் கூடி, கடலில் உயிரைப் பாதுகாக்கிறதற்கான ஒப்பந்தம் எழுதினார்கள்.

அப்படியும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. நீண்ட பயணமானால் கப்பல் ஏறி 24 மணி நேரத்துக்குள் இந்தப் பயிற்சியை நடத்தினால் போதும் என்றிருந்தது. ஒரு நாள்தானே! ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது?

முன்னே சொன்ன கோஸ்டா கான்கார்டியா 2012 ஜனவரி 13-ஆம் தேதி சாயங்காலம் ரோமாபுரிக்குச் சமீபமான சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பயணிகளும் ஊழியர்களுமாக 4,229 பேர். அந்தத் துறைமுகத்தில் அன்றைக்குத்தான் புதிதாக ஏறினவர்கள் அறுநூறுக்கும் மேல். அவர்களுக்கு இன்னும் பயிற்சி நடக்கவில்லை. மறுநாள் நடத்தலாம் என்று இருந்தது. அது அவர்களுக்குக் கப்பலில் முதல் நாள்! இராத்திரி சாப்பாட்டு வேளை. இரவு 9:45 மணிக்கு ஜிக்லியோ தீவின் அருகே பாறையில் மோதி, கப்பலின் பக்கம் கிழிந்தது. விளக்குகள் அணைந்தன. "மின்சாரக் கோளாறுதான், சரியாகிவிடும்" என்று ஜனங்களுக்குச் சொன்னார்கள். கப்பலைக் கைவிடும்படி கட்டளை வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டபடியால் சில படகுகளை இறக்கவும் முடியவில்லை. 32 பேர் மாண்டார்கள். கரை எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம்! அகிரிப்பா ராஜாவைப்போலக் கரைக்குப் பக்கத்தில் வந்தும் கரை சேராதவர்கள் எத்தனை பேர்!

மறுநாள் என்று குறித்திருந்தார்கள். அந்த மறுநாள் கப்பலுக்கு வரவில்லை.

அதன் பின்பு சட்டம் மாறியது. 2015 ஜனவரி 1 முதல், புதிதாய் ஏறின பயணிகளுக்குக் கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்டவுடனேயோ பயிற்சி கொடுத்தாக வேண்டும். 24 மணி நேரம் என்ற பேச்சே இல்லை. உலகத்தாரே, "நாளைக்கு" என்ற வார்த்தையைச் சட்டத்திலிருந்து எடுத்துப்போட்டார்கள்! விசுவாசியாகிய நீ உன் ஜீவியத்திலிருந்து அதை எடுத்துப்போட்டாயா? பேலிக்ஸ் தேசாதிபதி பவுலின் பேச்சைக் கேட்டுப் பயந்தான், நடுங்கினான். ஆனால், சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன், இப்போது போ என்று அனுப்பிவிட்டான். அதற்குப் பின்பு இரண்டு வருஷம் அடிக்கடி பவுலைக் கூப்பிட்டுப் பேசினான். ஆனால் அவன் மனந்திரும்பினான் என்று வேதத்தில் எங்கும் இல்லை. இரட்சண்ய நாள் எது என்று கேட்டால் வேதம் சொல்லுகிற பதில் ஒன்றே: இன்றைக்கு.

உன் கூடுமிடம் எது?

இப்போது பவுலின் கப்பலைப் பாருங்கள். அவர் உல்லாசப் பயணி அல்ல, கைதி. புறப்பட்ட மறுநாள் சீதோனில், யூலியு என்ற நூற்றுக்கு அதிபதி தயவுபண்ணி, சிநேகிதரைப் பார்த்துவர அவருக்கு உத்தரவு கொடுத்தான். ஆரம்பம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தென்றல் மெதுவாய் வீசினபோது, பவுலின் எச்சரிப்பைவிட மாலுமியின் பேச்சும் கப்பல் எஜமானின் பேச்சும் அவர்களுக்குப் பெரிதாய்ப் போயிற்று. யூரோக்கிலித்தோன் வந்தது. பதினாலு இராத்திரி! சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அந்தக் கப்பலிலிருந்த 276 பேரில், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்த ஒரே மனுஷன் இந்தக் கைதிதான். ஏனென்றால், தான் யாருடையவன் என்று கப்பல் ஏறுவதற்கு முன்னமே அவருக்குத் தெரியும். புயலில் போய் அவர் தேவனைத் தேடவில்லை. ஏற்கெனவே அறிந்த தேவனுடைய தூதன் புயலிலே வந்து அவர் பக்கத்தில் நின்றான்! கப்பல் உடைந்தது. ஆனால் நீந்தினவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்தும், 276 பேரும் கரை சேர்ந்தார்கள். அல்லேலூயா!

தகப்பன்மாரே, தாய்மாரே, உங்களைக் கேட்கிறேன். பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் பார்த்தீர்கள், கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தீர்கள். துன்பம் வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்களா? வீட்டிலே குடும்ப ஜெபம் உண்டா? விளக்கு அணைந்த பிறகு கூடுமிடத்தைத் தேட முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை நடந்து பார்த்தவனுக்குத்தான் இருட்டிலே வழி தெரியும். தினந்தோறும் முழங்காலில் நிற்கிற வீட்டுக்கு, மரணம் வந்தாலும் வியாதி வந்தாலும், முழங்காலுக்குப் போகிற வழி தெரியும்.

வாலிபத் தம்பிமாரே, தங்கச்சிமாரே, "வாழ்க்கை நீளம், பிறகு பார்த்துக்கலாம்" என்கிறீர்களா? கான்கார்டியாவில் அன்றைக்கு ஏறினவர்களுக்கும் ஒரு வாரப் பயணம் மீதி இருந்தது.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கப்பலில் நம் இந்திய தேசத்தைச் சேர்ந்த ஊழியர் ஒருவரும் மரித்தார். கடைசியாகக் கண்டெடுக்கப்பட்ட சரீரம் அவருடையது. 2014 நவம்பரில்தான் கிடைத்தது. அவர் தன்னுடைய லைஃப் ஜாக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று தப்பினவர்கள் சொன்னதாகச் செய்திகளில் வாசித்தோம். அந்தச் செய்தியை வாசித்தபோது கல்வாரியைத்தான் நினைத்தேன். நமக்குரிய மரணத்தைத் தாம் எடுத்துக்கொண்டு, தம்முடைய ஜீவனை நமக்குக் கொடுத்த ஒருவர் உண்டல்லவா! இயேசு கிறிஸ்துவே நம் கூடுமிடம். அவர் கொடுத்ததை வாங்கி, இன்னும் மடித்துக் கையிலே வைத்திருக்கிறாயா? கையிலிருக்கிற ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. உடுத்திக்கொள்! இன்றைக்கே உடுத்திக்கொள்!

இதை வாசிக்கிற இடத்திலேயே ஒரு நிமிஷம் கண்களை மூடி என்னோடு ஜெபியுங்கள்:

அன்புள்ள ஆண்டவரே, நாளைக்கு என்று நான் தள்ளிவைத்த காரியத்தை இன்று உம்முடைய பாதத்தில் வைக்கிறேன். கீழ்த்தட்டில் தூங்குகிற என்னை எழுப்பும். பின்னாலே இழுக்கிற பாரத்தை விட்டுவிட எனக்குப் பெலன் தாரும். என் வீட்டாரில் ஒருவரும் வெளியே விடப்படாதபடி எங்களைச் சேர்த்துக்கொள்ளும். கடைசி எக்காளம் தொனிக்கும்போது என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் நான் நிற்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே, ஆமென்!